நீல நைலான் கயிறு

அந்த நீல நைலான் கயிற்றின் ஒரு முனை பெஞ்சுக் காலில் இருந்தது; மறுமுனை ஒரு சிறுமியின் கணுக்காலில். தோல் உரசாமலிருக்க அடியில் பழைய சேலைத் துணி சுற்றியிருந்தது. ஆசிரியர் பயிற்சிக்காகக் காரிமங்கலம் பக்கத்துப் பள்ளியொன்றின் மூன்றாம் வகுப்புக்குள் நான் நுழைந்த முதல் நாள் அது. கயிற்றைவிட என்னை அதிரவைத்தது மற்ற பிள்ளைகள்தான். வாசற்படியைத் தாண்டுவதுபோல அந்தக் கயிற்றைச் சாதாரணமாகத் தாண்டிப் போனார்கள்.

கட்டியது அவளுடைய அம்மா. மாங்கூழ் கம்பெனியில் வேலை. சாயங்காலம் வந்தவரிடம் பொரிந்து தள்ளினேன். "என்னங்க அக்கா, ஆடா இது?" அவர் கோபப்படவில்லை. "ஆடுன்னா கூப்ட்டா திரும்பிப் பாக்குங்க டீச்சர். இவ ரோட்டுக்கு ஓடுனா, லாரிக்காரன் ஆரன் அடிச்சாலும் காதப் பொத்திக்கிட்டு அங்கயே நின்னுக்குவா. போன மாசம் அப்படித்தான் நின்னா."

ஆட்டிசம் பற்றிப் படித்திருந்தேன். வீட்டுக்குப் போகும் நேரம் எப்போது வரும் என்று தெரியாத பயத்தில்தான் ஓடுகிறாளோ என்று தோன்றியது. படங்கள் வரைந்து சுவரில் ஒட்டினேன்: பிரேயர், பாடம், சத்துணவு, விளையாட்டு, கடைசியில் அம்மா. ஒவ்வொன்றும் முடிந்ததும் அவளே அந்தப் படத்தை எடுத்துவிடுவாள். அம்மா படம் இருக்கிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொள்வாள். ஓட்டம் குறைந்தது, பிறகு நின்றது. ஒருநாள் அம்மா கயிற்றை அவிழ்த்து என் கையில் கொடுத்து, "படத்த இதுல தொங்க வுடுங்க" என்றார். சுவரில் அதைக் கட்டிப் படங்களை மாட்டினேன். பையன்களுக்கு வேறு கவலை: "டீச்சர், சோத்துப் படத்த மொதல்ல மாட்டுங்க."

பிறகு பள்ளி விழாவுக்காக வெள்ளையடித்தார்கள். திங்கட்கிழமை காலை படங்களைக் காணோம். கயிறு மட்டும் மூலையில் சுருண்டு கிடந்தது. சிறுமி வெறும் சுவரைப் பார்த்தாள். நேராகப் போய்க் கயிற்றை எடுத்து, பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டுவந்து விட்ட அம்மாவிடம் அதை நீட்டினாள். பிறகு காலையும் நீட்டினாள். அழவில்லை, கத்தவில்லை.

அம்மா கயிற்றை வாங்கி ஜன்னல் கம்பிகளில் இழுத்துக் கட்டினார். கழுத்தில் கிடந்த கம்பெனி அட்டையைக் கழற்றி, தன் போட்டோ தெரியும்படி கயிற்றின் கோடியில் மாட்டினார். அந்த அட்டை இல்லாமல் கம்பெனி கேட்டுக்குள் விடமாட்டார்கள். "வேலை அக்கா?" என்றேன். "இன்னிக்கு ஒரு நா போவட்டுங்க. ஆனா இங்க உக்கார மாட்டேன். சாயங்காலந்தான் வருவேன், படத்துல இருக்கற மாதிரி."

இப்போது பென்னாகரத்தில் எனக்கென்று ஒரு வகுப்பு. ஜன்னலில் ஒரு கயிறு, வரிசையாகப் படங்கள். விடுமுறை முடிந்து கதவைத் திறக்கும்போதெல்லாம் முதலில் அதைத்தான் பார்க்கிறேன். அவள் காலிலிருந்து சுவருக்கு ஏற அந்தக் கயிற்றுக்கு ஒரு பருவம் முழுக்கத் தேவைப்பட்டது. திரும்பி இறங்க, ஒரு வாளிச் சுண்ணாம்பு போதுமாயிருந்தது.