பரணில் சீறிய பாம்பு

காங்கேயத்தில் ஒரு கொப்பரைக் களத்தில் நாங்கள் வேலைக்கு இருந்தோம். ஊர் ஊராகப் போய்ப் பிழைத்த குடும்பம். தொண்ணூறுகளின் தொடக்கம், எந்தப் பள்ளிக்கூடத்திலும் நான் ஒரு வருஷம் முழுசாக உட்கார்ந்ததில்லை. ஆனால் ஏணி ஏறுவதில் என்னை மிஞ்ச அந்தக் களத்தில் ஆளில்லை.

கிடங்கின் ஒரு மூலையில்தான் எல்லோரும் படுத்தோம். அத்தையின் பச்சைக்குழந்தைக்குக் காய்ச்சல் விடவே இல்லை. பொழுது சாய்ந்தால் பரணிலிருந்து ஒரு வெள்ளை ஆந்தை கிறீச்சிட்டுக்கொண்டு வெளியே பறக்கும். சாக்குருவி என்பார்கள்.

“எங் கொழந்தையக் கூப்புடத்தான் கத்துதுங்க அண்ணி,” என்று அத்தை அம்மாவிடம் அழுதாள். பரணில் இருந்த அதன் கூட்டைக் கலைத்துக் குஞ்சுகளை எடுத்து எறிந்துவிடுவது என்று முடிவாயிற்று. பரண் பலகை பெரியவர்களைத் தாங்காது. “நீ ஏறு அம்மணி,” என்றார் மாமா.

பாவாடையைச் செருகிக்கொண்டு ஏறினேன். ஓட்டுக்கடியில் கும்மிருட்டு, செத்த எலி நாற்றம். கையை நீட்டினேன். ‘உஸ்ஸ்’ என்று நீளமாக ஒரு சீறல். கொஞ்சம் நின்று, மறுபடியும். நான் கத்தவில்லை, விழவுமில்லை. படிப்படியாக இறங்கி வந்து சொன்னேன்.

“பாம்புங்க மாமா.”

“பயந்துபோட்டுப் புளுகறயா?”

“நீங்களே ஏறிக் கேளுங்க.”

மாமா பாதி ஏணி ஏறினார். சீறல் கேட்டதும் ஏறியதைவிட வேகமாக இறங்கினார். “ஆறடிக்குக் கொறையாது,” என்றார், கண்ணால் பார்த்தவர் போல.

அப்புறம் யாரும் பரண் பக்கம் போகவில்லை. குஞ்சுகளைப் பாம்பே தின்றுவிடும் என்று அத்தை சமாதானமாகி, ஏணியடியில் பால் வைத்துக் கும்பிட்டாள். டாக்டர் ஊசி போட்டார், குழந்தை தேறியது, பெயர் பாம்புக்குப் போயிற்று. எனக்கும் கொஞ்சம் வந்தது. பாம்புக்கு நேரே கை நீட்டிய பிள்ளை என்று லாரிக்காரர்களிடமெல்லாம் சொன்னார்கள். என் நடையே மாறிவிட்டது.

சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம், கிடங்கு முகட்டில் நாலு இளம் ஆந்தைகள் உட்கார்ந்திருந்தன. ஒன்றின் கழுத்தில் இன்னும் பஞ்சு ரோமம்.

“பாம்பு திங்கலீங்களா?” என்றாள் அத்தை.

“எனக்குப் பயந்து அது எப்பவோ ஓடிப்போயிருக்குமுங்க,” என்றேன்.

பல வருஷம் கழித்து வேறொரு ஊரில், ஒரு பஞ்சுக் கிடங்கைக் கூட்டப் போன இடத்தில், பரணிலிருந்து அதே சீறல். ஏறி டார்ச் அடித்தேன். வெள்ளை முகத்தோடு மூன்று குஞ்சுகள், பொரிந்த வரிசையில் ஒன்றைவிட ஒன்று சின்னதாக. தலையைத் தாழ்த்தி, ஆட்டி ஆட்டி, பாம்பாகவே சீறின. பக்கத்தில் தாய் போட்டுவைத்த எலிகள்.

“என்னம்மணி அங்க?” கீழே மேஸ்திரி தடியோடு நின்றிருந்தார்.

“பாம்புங்க,” என்றேன். “ஆரும் ஏறாதீங்க.”