பதினோராம் பக்கத்தில் ஒரு பென்சில் கோடு

பல் செட் செய்கிற பெண்ணுக்குப் பல்லக்கா என்று பெயர் வைக்காமல் வேறு என்ன வைப்பார்கள்? டாக்டர்கள் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் மாவு கரைத்து ஊற்றித் தாடை எடுத்து, மெழுகில் பல் நட்டு, இருபத்திரண்டு வருஷமாக ஊரார் சிரிப்பைக் கைவேலையாகச் செய்து தள்ளியவள். பட்டறை முதல் மாடியில் ஓர் ஒற்றை அறை. மூன்று சுவரிலும் அலமாரி, அலமாரி முழுக்க வெள்ளைத் தாடைகள். முதல்முறை வருகிறவர்கள் கொஞ்சம் ஆடித்தான் போவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அந்தத் தாடைகளுக்கு நடுவில்தான் மாயக்கதைக்காரர்கள் கூடுவார்கள். வேற்றுக்கிரகம், பேசும் மரம், நாளை நடப்பது இன்றே தெரியும் தெரு, இப்படி உலகத்தில் இல்லாததாகப் பார்த்து எழுதுகிறவர்கள். ஒருவர் எழுதியதை மற்றவர்கள் முன்கூட்டியே படித்து வந்து பிரித்து மேய்வார்கள். எட்டு வருஷமாக இதை நடத்துகிறாள் பல்லக்கா. பள்ளி வேன் ஓட்டும் அவள் கணவன், "செவ்வாய் கிரகத்துக்காரங்க எல்லாம் வந்து எறங்கியாச்சா?" என்று வாராவாரம் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் மதியத் தூக்கத்துக்குப் போவான்.

கூட்டத்துக்கு இரண்டே சட்டம். நல்லாயிருக்கு, நல்லாயில்லை என்று யாரும் சொல்லக் கூடாது. படிக்கும்போது எந்த வரியில் முதலில் 'கீழே வைத்துவிடலாம்' என்று தோன்றியதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டு, ஏன் என்று சொல்ல வேண்டும். அடுத்தது, கடைசி ஆள் பேசி முடிக்கும்வரை எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. புதுப் பல் செட் போட்டவரிடம் அழகாயிருக்கிறதா என்று கேட்டால் தலையாட்டுவார், வீட்டுக்குப் போய் டம்ளரில் போட்டுவிடுவார். எங்கே குத்துகிறது என்று கேட்டால்தான் உண்மை வெளியே வரும். தொழிலில் பட்டுத் தெரிந்துகொண்டதை அவள் கதைக்கும் கொண்டுவந்துவிட்டாள்.

எல்லாம் சரி, எட்டு வருஷத்தில் அவள் ஒரு வரி எழுதிக் காட்டியதில்லை. தனக்குள் எழுத்து என்று ஒன்று இருக்கிறதா, இல்லை அடுத்தவர் எழுத்தில் குறை கண்டுபிடிக்கிற நாக்கு மட்டும்தான் இருக்கிறதா? இந்தக் கேள்வி அவளை அரித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் போன மாதம் உட்கார்ந்து பதினான்கு பக்கம் எழுதிவிட்டாள். தன் பெயரைப் போட்டால் முகதாட்சண்யத்துக்காகப் பேசுவார்கள் என்று, "புதுசா ஒருத்தர் அனுப்பியிருக்காங்க. கூச்ச சுபாவம், வரமாட்டாங்க" என்று புளுகி, ஆளுக்கொரு பிரதி கொடுத்துவிட்டாள்.

அவள் கதையில் ஓர் ஊர். அங்கே சாயங்காலமானால் எல்லோரும் தங்கள் குரலை ஓர் அலுவலகத்தில் ஒப்படைத்து டோக்கன் வாங்கிக்கொள்வார்கள். காலையில் டோக்கனைக் காட்டித் திரும்ப வாங்குவார்கள். டோக்கன் கொடுக்கும் ஜன்னலில் உட்காரும் பெண் மட்டும் தன் குரலைத் திரும்ப வாங்கியதே இல்லை. அது எப்படி இருக்குமோ என்று பயம்.

அந்த ஞாயிறு மூன்று பேர் வந்திருந்தார்கள். லிஃப்ட் மெக்கானிக்கான பெரியவர். எந்தக் கதை எழுதினாலும் அதில் ஒரு லிஃப்ட் மூன்றாவது மாடியில் மாட்டிக்கொள்ளும். குழந்தைகள் வார்டு நர்ஸ். பஸ் கண்டக்டர்.

"ஆபீஸ் எத்தன மணிக்குப் பூட்டுவாங்க? லேட்டா வர்றவன் கதி?" என்று ஆரம்பித்தார் மெக்கானிக்.

"கைக்குழந்தைங்க குரலையும் வாங்கி வெச்சுக்குவாங்களா? அப்படின்னா நான் இன்னிக்கே அந்த ஊருக்கு மாத்தல் கேக்கறேன்" என்றாள் நர்ஸ்.

பல்லக்காவுக்கு எல்லாவற்றுக்கும் பதில் தெரியும். நாக்கு துறுதுறுத்தது. ஆனால் எழுதியவள் வாயைத் திறக்கக் கூடாதே! எட்டு வருஷப் பழக்கம், உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கண்டக்டர்தான் கவனித்தான். "என்னக்கா, எந்தக் கதைன்னாலும் 'அந்த ஊர்ல குப்பை யார் அள்ளுறா'ன்னு கேட்டு உசிர வாங்குவீங்களே. இன்னிக்கு என்ன, பேச்சே காணோம்?"

ஏதாவது ஒரு கேள்வி கேட்டிருந்தால் தப்பித்திருப்பாள். அவளோ சட்டத்தை மீறத் தெரியாமல் தலையை மட்டும் ஆட்டினாள். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த அறையில் பேசக் கூடாதவர் ஒருவர்தான். யார் என்று சின்னக் குழந்தைக்குக்கூடப் புரிந்துவிடும்.

"அடடா, என்ன ஒரு கற்பனைம்மா!" என்று உடனே குரலை மாற்றினார் மெக்கானிக். "எனக்கு ரொம்பப் பிடிச்சுதுக்கா" என்றாள் நர்ஸ், சட்டமாவது ஒன்றாவது என்று.

 இனி இவர்கள் சொல்வதில் பல்லக்கா எதை நம்புவது? எட்டு வருஷம் காத்திருந்து, அரை மணி நேரத்தில் தானே கெடுத்துக்கொண்டாளே! அப்போதுதான் கோடுகள் நினைவுக்கு வந்தன. அவை கூட்டத்துக்கு வருமுன்பே போட்டவை. போடும்போது எழுதியது யார் என்று ஒருவருக்கும் தெரியாது. கையை நீட்டி மூன்று பிரதிகளையும் வாங்கினாள்.

மெக்கானிக்கின் பிரதியைப் புரட்டினாள். முதல் பக்கத்தில் கோடு இல்லை. ஐந்தில் இல்லை, எட்டில் இல்லை. பதினொன்றில் இருந்தது. நர்ஸின் பிரதியிலும் பதினொன்று. கண்டக்டரின் பிரதியிலும் அதே பதினொன்று, அதே வரி: 'அவள் பயப்படாமல் தன் குரலை வாங்கிக்கொண்டாள்.' பத்துப் பக்கம், மூன்று பேர், ஒரு கீறல் கிடையாது!  சந்தோஷத்தை யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று காகிதத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

கண்டக்டர் ஒருவன்தான் இன்னும் பேச வேண்டியவன். தயங்கினான்.

"எங்க நின்னேன்னு சொல்லிடறேங்க்கா. பத்துப் பக்கமா அந்தப் பொண்ணு நடுங்கிக்கிட்டு இருந்தா. எப்படித்தான் வாங்கப் போறாளோன்னு நான் பஸ்ல விசில் குடுக்க மறந்து ஒரு ஸ்டாப்ப விட்டுட்டுப் படிச்சேன். நீங்க 'பயப்படாமல்'னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டீங்க. அவ்ளோ பெரிய பயம் எப்படிப் போச்சு?"

இனி அவள் பேசலாம். எட்டு வருஷத்தில் முதல்முறையாக எழுதியவளாகப் பேச வேண்டும்.

"எழுதும்போது எனக்கு அது தெரியல" என்றாள்.

"இப்பத் தெரியுதாக்கா?" என்று கேட்டாள் நர்ஸ்.

"போகவே இல்ல. பயத்தோடதான் வாங்கிக்கிட்டா."

கண்டக்டரின் காதிலிருந்த பென்சிலைக் கேட்டு வாங்கி, 'பயப்படாமல்' என்ற சொல்லை அடித்தாள்.