ஆலோசகருக்குச் சமைத்த டீச்சர்

எண்பத்திரண்டாம் ஆண்டை நினைத்தால் ஸம்ஸியா டீச்சருக்கு முதலில் நெய்ச்சோற்று மணம்தான் நினைவுக்கு வரும். அதன் பிறகுதான் பதினொரு பிள்ளைகளின் முகங்கள். அந்த வரிசையை நினைத்து இன்றைக்கும் தன்னைத்தானே ஏசிக்கொள்வார்.

கிழக்கிலங்கையில், சாய்ந்தமருதுக் கடற்கரைப் பக்கம் ஒரு சிறிய பாடசாலை. மாவட்டத்தில் பரீட்சையில் ஆகக் குறைந்த பெறுபேறு எடுத்த பாடசாலைகள் என்று கல்வித் திணைக்களத்தார் பத்தைப் பொறுக்கினார்கள்; அதில் இதுவும் ஒன்று. அவற்றைத் தூக்கி நிமிர்த்த வெளியூர்களிலிருந்து ஆலோசகர்களை அனுப்பினார்கள். இங்கே வந்தவர் முனாப் சேர், மாத்தளைக்காரர். மாதத்துக்கு ஒரு தடவை வருவார்.

வந்தவரை நம் ஆட்கள் எப்படிக் கவனித்திருப்பார்கள் என்று சொல்லவா வேண்டும்? பாடசாலை அதிபர் ஸைனுலாப்தீன் பெரிய ரோசக்காரர். வெளியூர் மனிதர் நம் வீட்டு ஓட்டையை எட்டிப் பார்ப்பதா என்று அவருக்குப் பொறுக்கவில்லை. வந்தவரைப் பசியோடு அனுப்பவும் மனம் வரவில்லை. இரண்டுக்கும் சேர்த்து ஒரே மருந்தைக் கண்டுபிடித்தார்: சாப்பாடு. வந்ததும் தேத்தண்ணீரும் பணியாரமும். பிறகு ஏழாம் வகுப்பில் தயாராக நிறுத்திவைத்த நாலு கெட்டிக்காரப் பிள்ளைகளின் பேச்சு. பிறகு நெய்ச்சோறு, இறைச்சிக் கறி, தயிர், வாழைப்பழம். மனிதர் கை கழுவி நிமிரும்போது பாடசாலை விட்டிருக்கும்.

இந்த விருந்தை ஆக்குவது யார்? ஐந்தாம் வகுப்பு ஸம்ஸியா டீச்சர். வீடு பாடசாலைக்கு அடுத்த வளவு, கைப்பக்குவமோ ஊரறிந்தது. ஆலோசகர் வருகிற நாளில் டீச்சர் அடுப்படியில் நிற்பார். வகுப்பில் கதைப்பவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டு வகுப்புத் தலைவி நிற்பாள். பாடசாலையை உயர்த்த வந்தவருக்காக ஒரு வகுப்பு டீச்சரில்லாமல் கிடந்தது. இதை என்னவென்று சொல்வது!

டீச்சரின் நெஞ்சுக்குள் இருந்ததோ வேறு. எழுபத்தொன்பதில் நியமனம் கிடைத்தவர், பயிற்சி எதுவும் இல்லை. முப்பத்துநாலு பிள்ளைகளில் பதினொன்றுக்கு வாசிக்கத் தெரியாது. ஏன் வரவில்லை, எப்படி வரவைப்பது என்று அவருக்கும் தெரியாது. யாரிடமாவது கேட்டால், டீச்சருக்கே தெரியாதாம் என்று ஊர் சிரிக்கும். ஆலோசகர் வருகிறார் என்றதும் அவரிடம் கேட்கலாம் என்று அத்தனை ஆசைப்பட்டிருந்தார். கேட்க வாய்த்ததெல்லாம், “இன்னும் கொஞ்சம் போடவா சேர்?” மட்டும்தான். வருடம் முடிந்தால் அந்தப் பதினொன்றும் ஆறாம் வகுப்புக்கு ஏறிவிடும். அதற்குப் பிறகு அவர்களை யார் கவனிக்கப் போகிறார்கள்?

ஐந்தாவது வருகையில் முனாப் சேர் வழக்கம்போலப் புகழ்ந்தார். “டீச்சர், இப்படி ஒரு சாப்பாடு எங்க ஊர்ல கிடைக்காது.”

அகப்பை கையில் இருக்க, டீச்சருக்கு வாய் தானாகத் திறந்துவிட்டது.

“அஞ்சு தடவ என்ட சோத்தச் சாப்பிட்டிருக்கீங்க சேர். என்ட வகுப்ப ஒரு தடவயும் பாக்கல்ல. பதினொரு புள்ளைக்கு வாசிக்கத் தெரியா. எப்படிப் படிப்பிக்கிற எண்டு எனக்கும் தெரியா.”

அதிபரின் முகம் செத்துப்போயிற்று. முனாப் சேர் பாதிச் சோற்றோடு கையைக் கழுவினார். “வாங்க டீச்சர், போவோம்” என்றார்.

வகுப்பில் பிள்ளைகள் சேர்ந்து ஓங்கிப் படித்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. முனாப் சேர் அந்தப் பதினொன்றில் ஒருத்தியான நதீராவின் அருகில் உட்கார்ந்து, புத்தகப் பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டினார். அவள் முதல் வரியிலிருந்து ஒப்புவிக்கத் தொடங்கினாள். டீச்சருக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

“இவங்க வாசிக்கல்ல டீச்சர், பாடமாக்கி வச்சிருக்காங்க. உங்களுக்கும் இப்படித்தானே படிச்சுக் கொடுத்தாங்க?”

“ஓம் சேர்.”

“எனக்கும்தான்” என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக டீச்சர் இன்றுவரை அவருக்காக அல்லாஹ்விடம் துஆச் செய்கிறார்.

அதன் பிறகு வந்த நாட்களெல்லாம் முனாப் சேர் ஐந்தாம் வகுப்பில்தான். பிஸ்கட் பெட்டி மட்டையை வெட்டி எழுத்து அட்டை செய்யக் காட்டினார். பிள்ளை வாயால் சொல்வதையே எழுதி, அதையே வாசிக்க வைக்கச் சொன்னார். தினமும் அந்தப் பதினொன்றில் ஒவ்வொரு பிள்ளையோடும் டீச்சர் தனியாக ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். டீச்சரோடு முகம் கொடுத்துப் பேசாமலிருந்த அதிபர், மூன்றாவது வாரம் ஒரு கத்தரிக்கோலோடு வந்து மட்டை வெட்ட உட்கார்ந்தார். என்ன அருமையான நாட்கள் அவை!

டிசம்பரில் ஒன்பது பிள்ளைகள் வாசித்தார்கள். நதீராவும் இன்னொரு பிள்ளையும் வாசிக்கவில்லை. திட்டம் முடிந்தது, முனாப் சேர் ஊருக்குப் போய்விட்டார். அறிக்கையில் முன்னேற்றம் என்று எழுதினார்களாம். டீச்சருக்கு அந்த இரண்டும் தொண்டையில் முள்ளாகக் கிடந்தன. அடுத்த வருடம் இடைவேளை மணி அடித்ததும் ஆறாம் வகுப்பு வாசலில் போய் நின்று இரண்டு பேரையும் கையோடு கூட்டிவந்து படிப்பிப்பார்.

மார்ச் மாதம் ஒரு காலை, நதீராவைப் பெற்ற உம்மா பாடசாலைக்கு வந்தார்; சித்தி லைலா என்று பெயர். அவருக்கு எழுத்து வாசனை இல்லை. கணவர் நாலு வருடமாகச் சவூதியில்.

“டீச்சர், நேத்து இவங்கட வாப்பாட கடிதம் வந்திச்சி. நம்முட புள்ள வாசிச்சிட்டாள். நிண்டு நிண்டுதான், எண்டாலும் முழுசா வாசிச்சாள்.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார் டீச்சர். சித்தி லைலா நகரவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“பொறகு பழைய கடிதமெல்லாத்தையும் எடுத்துக் குடுத்தன். எல்லாத்துலயும் கடைசியில என்னத்தான் கேட்டு எழுதியிருக்காரு. நான் மெலிஞ்சிட்டனா, தலையிடி சுகமா, நேரத்துக்குத் திங்கிறனா எண்டு. பக்கத்து ஊட்டு மச்சான்தான் வாசிச்சுத் தாறவரு. அவரு வெக்கத்துல அத உட்டுட்டாரு போல. நாலு வருசமா இந்த மனிசன் என்ன மறந்துட்டாரு எண்டு நினைச்சிட்டிருந்தன் டீச்சர்.”