இஸ்மாயில் நானா பதித்த இரண்டு கண்ணாடிகள்

கண்டி இஞ்சின் கொட்டகையில் ஓர் இஞ்சினுக்கு அடியில் நான் மல்லாந்து படுத்திருந்தபோது செய்தி வந்தது. கட்டுகஸ்தோட்டையிலிருந்து கோப்பி மூட்டை ஏற்றிவந்த வண்டிக்காரர் வாசலில் நின்று, "முத்தையா இருக்காரா? லாம்புக்கடை நானா விடியக்காலம மவுத்தாகிட்டாரு. பகலைக்கு அடக்கம். அவருக்கு அறிவிக்கச் சொன்னாங்க" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். பாதி முறுக்கிய மரையை நான் முழுதாக முறுக்கினேன். அதைப் பாதியில் விட முடியாது. பிறகு வெளியே வந்து கையைக் கழுவிப் பார்த்தேன். எண்ணெய் போகவில்லை. அப்படியே கட்டுகஸ்தோட்டைக்கு நடந்தேன்.

இதை வாசிக்கும் உங்களில் பலர் இஸ்மாயில் நானாவின் கடையில் லாந்தருக்குக் கண்ணாடி போட்டிருப்பீர்கள். மகாவலிப் பாலத்துக்குக் கொஞ்சம் இப்பால், தகரமும் கண்ணாடியும் தொங்கும் அந்தச் சின்னக் கடை. குள்ளமான உடம்பு, மருதாணி போட்ட தாடி, பேசும்போது எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்க்கும் பழக்கம். கோபம் வந்தால் பேசமாட்டார். சந்தோஷம் வந்தாலும் அப்படித்தான். அவரோடு பதினைந்து வருஷத்துக்கு மேல் பழகிய எனக்கே எது கோபம், எது சந்தோஷம் என்று சில நாட்களில் புரியாது.

முதன்முதலில் அவரைக் கொட்டகையில்தான் பார்த்தேன். டிரைவர் நிற்குமிடத்துக்கு முன்னால் இஞ்சினில் ஓர் இரும்புத் தட்டி உண்டு. அதில் இரண்டு வட்டக் கண்ணாடிகள் இருக்கும். மழையும் கரித்தூளும் கண்ணில் படாமல் டிரைவர் அதன் வழியாகத்தான் பாதையைப் பார்ப்பார். ஒரு கண்ணாடி உடைந்துபோனதால் இஸ்மாயில் நானாவை அழைத்திருந்தார்கள். அவர் புதுக் கண்ணாடியைப் பதித்துவிட்டு இறங்கிப் போய்விடவில்லை. டிரைவரின் இடத்தில் ஏறி நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "தம்பி, ஒங்கட டிரைவர் என்ன ஒசரம்?" என்று கேட்டார். நான் கையால் காட்டினேன். ஒரு மரப்பெட்டியை இழுத்துப் போட்டு, அதன்மேல் ஏறி, அந்த உயரத்திலிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார். ஓரத்தில் ஒரு சுழி தெரிந்திருக்கிறது. கழற்றி வேறு போட்டார்.

"வெளிய நிண்டு பாத்தா எல்லாக் கண்ணாடியும் நல்லாத்தான் ஈக்கும்," என்றார். "உள்ளுக்கு நிக்கிறவன்ட கண்ணால பாக்கோணும்."

அவருடைய ஒரே மகன் ஹனீபா எங்கள் கொட்டகையில் பயர்மேன். இஞ்சின் அடுப்புக்குக் கரி அள்ளிப் போடும் வேலை. தகப்பனுக்கு நேர்மாறான பிள்ளை. ஓயாமல் பேசுவான், பாடுவான். டிரைவராகிவிட வேண்டும் என்பதுதான் அவன் கனவு. கோப்பி இலையில் நோய் விழுந்து தோட்டங்கள் ஒன்றொன்றாகக் கைமாறிய காலம் அது. அக்குறணைப் பக்கத்துத் தோட்டத் துரை ஒருவர் ஊருக்குத் திரும்புமுன் பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார். கட்டில், கதிரை, அலுமாரி எல்லாம் போயின. ஒரு மரப்பெட்டியை மட்டும் யாரும் கேட்கவில்லை. பங்களா விளக்குகளுக்குக் கண்ணாடி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த இஸ்மாயில் நானாவிடம் துரை அதைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டார்.

ஆணி அடித்தபடியே கடைக்கு வந்த அந்தப் பெட்டியைத் திறக்கும்போது நானும் இருந்தேன். வைக்கோலுக்குள் வார்ப்புப் பித்தளைத் துண்டுகள், சக்கரங்கள், செம்புத் தகடு, காகிதத்தில் மடித்த கடுகளவு ரிவெட்டுகள், ஒரு பெரிய வரைபடம். ஹனீபா வரைபடத்தைத் தரையில் விரித்தான். "வாப்பா! இது இஞ்சின்! நம்மட இஞ்சின்!" என்று கத்தினான். சேர்த்தால் முழங்கை நீளத்தில் ஓர் இஞ்சின். கொதிகலனில் தண்ணீர் ஊற்றிக் கீழே ஸ்பிரிட் விளக்கு ஏற்றினால் தானாக ஓடும். எல்லாம் இருந்தது. முன்தட்டிக்கான இரண்டு சின்னக் கண்ணாடிகள் மட்டும் சீமையிலிருந்து வந்த கப்பலிலேயே பொடிப்பொடியாகியிருந்தன.

அதைச் சேர்ப்பது விளையாட்டு வேலையாக இருக்கவில்லை. வார்ப்பில் வந்த துண்டு எதுவும் ஒன்றோடொன்று பொருந்தாது. ஒவ்வொன்றையும் அரத்தால் ராவிப் பொருத்திப் பார்க்க வேண்டும். கொஞ்சம் அதிகமாக ராவினால் போச்சு, அந்தத் துண்டுக்கு மாற்றுக் கிடையாது. சக்கரமும் அச்சும் ஹனீபாவின் பங்கு. கொதிகலனை வளைத்து ஈயம் பற்றவைப்பது நானாவின் பங்கு. பிஸ்டன், வால்வு என்று வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பகல்களில் நாங்கள் மூவரும் அந்தக் கடையில் இருந்தோம். நானாவின் மனைவி ஆமினா அக்கா உள்ளிருந்து இஞ்சித் தேத்தண்ணி அனுப்புவார். "மூணு பேரும் ஒரு புள்ளையப் பெறுற மாதிரிப் படுற பாட்டப் பாரு" என்று அவர் சொல்வது திரைக்குப் பின்னாலிருந்து கேட்கும்.

முன்தட்டிக்கு ரிவெட் அடித்தவன் ஹனீபா. ஒரு வரிசை கொஞ்சம் சாய்ந்துவிட்டது. நானா பார்த்துவிட்டு, "கழட்டிட்டுத் திருப்பி அடி" என்றார். "நாவலப்பிட்டிக்குப் போய்ட்டு வந்து அடிக்கிறேன் வாப்பா" என்று சொல்லிவிட்டு அவன் மறுநாள் கோப்பி ஏற்றும் கோச்சியில் கரி போடப் போனான்.

நாவலப்பிட்டியில் அப்போது வாந்திபேதி பரவியிருந்தது. காலையில் படுத்தவன் சாயங்காலம் போய்விட்டான். தந்தி கண்டி ஸ்டேஷனுக்கு வந்தது. என்னிடம் கொடுத்து அனுப்பினார்கள்.

நான் போனபோது நானா கரியடுப்பை ஊதி, அந்தச் சின்ன இஞ்சினின் புகைக்குழாயைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். பழகிய காலத்தில் அவர் என் முகத்தை நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"ஹனீபாவா?"

"ஆமாங்க நானா."

"ஈக்கிறானா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். "தீய அணைச்சிட்டு வாறேன்" என்றார் அவர். அடுப்பில் தண்ணீர் தெளித்தார். கரித்துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டார். இடுக்கியைத் துடைத்து ஆணியில் மாட்டினார். அப்புறம்தான் உள்ளே போனார். ஆமினா அக்காவின் சத்தம் கேட்டது. நான் பாலத்துப் பக்கம் போய் நின்றேன்.

அடுத்த கோச்சியில் அவரை நாவலப்பிட்டிக்குக் கூட்டிப்போனேன். வியாதி பயத்தால் நாங்கள் போவதற்குள் அடக்கிவிட்டார்கள். மகனின் முகத்தை அவர் பார்க்கவில்லை. திரும்பி வரும் வழி முழுவதும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் ஒரே ஒரு தடவை பேசினார். "கரி போடுறவங்க முகம் எல்லாம் கறுத்துத்தானே ஈக்கும். கழுவி இருப்பாங்களா, முத்தையா?" என்று கேட்டார். "கழுவியிருப்பாங்க நானா" என்றேன். எனக்குத் தெரியாது.

நானா இஞ்சின் பெட்டியை மூடிப் பரணில் ஏற்றிவிட்டார். ஒரு வருஷத்துக்கு மேல் அது அங்கேயே கிடந்தது. நான் போவேன், உட்காருவேன், தேத்தண்ணி குடிப்பேன், திரும்புவேன். ஒருநாள் போனபோது பெட்டி கடை நடுவில் இருந்தது. இறக்கியவர் ஆமினா அக்கா. திரைக்கு அப்பாலிருந்து என்னிடம் சொன்னார்: "தம்பி, அவன்ட கை பட்ட சாமான் அரைகொறையா மேல கெடக்குது. எனக்கு நித்திரை வருதில்ல. ரெண்டு பேருமாச் சேர்ந்து முடிச்சுத் தாங்க."

நானா அரத்தை எடுத்தார்.

சாய்ந்த ரிவெட் வரிசைக்கு வந்தபோது, கழற்றி அடிக்கட்டுமா என்று கேட்டேன். என் கையிலிருந்த முன்தட்டியை மெல்ல வாங்கி வைத்துக்கொண்டார். "அதுல கை வைக்காதீங்க" என்றார். அவ்வளவுதான்.

கடைசியில் கண்ணாடி மிச்சமிருந்தது. இரண்டு வட்டங்கள், ஒவ்வொன்றும் மிளகை விடக் கொஞ்சம் பெரிது. காக்காய்ப்பொன் தகடு போட்டால் சுலபம், கத்தரிக்கோலால் வெட்டலாம், உடையாது என்றேன். "அது நாள்போகப் பழுத்துப் போகும். உள்ளுக்கு நிண்டு பாத்தா வெளிய தெரியாது" என்றார். ஜன்னல் கண்ணாடியோ அந்தச் சின்ன அளவுக்கு அதிகத் தடிப்பு. கண்டியில் கடிகாரம் பழுது பார்ப்பவரிடம் உடைந்த கடிகாரக் கண்ணாடிகளை வாங்கிவந்தார். நடுவில் தட்டையாக இருக்கும் பகுதியை வைரமுனையால் கீறி எடுத்து, ஈரக் கல்லில் வைத்து விரல் நுனியால் தேய்த்துத் தேய்த்து வட்டமாக்கினார். முக்கால்வாசி தேய்ந்ததும் உடையும். மறுபடி இன்னொன்று. விரல் நுனி தேய்ந்து ரத்தம் கசியும், துணியைச் சுற்றிக்கொள்வார். உடைகிற ஒவ்வொரு துண்டுக்கும் நான்தான் பல்லைக் கடித்தேன். அவர் கடிக்கவில்லை. அந்த வேலை சீக்கிரம் முடிந்துவிட வேண்டாம் என்று அவருக்கு இருந்ததோ என்று இப்போது தோன்றுகிறது.

இரண்டும் வந்தன. சுண்ணாம்புத் தூளையும் எண்ணெயையும் பிசைந்த மக்கை ஊசிமுனையால் வைத்து, பித்தளை வளையத்துக்குள் இறுக்கினார். காய்ந்ததும் பஞ்சால் துடைத்தார். பிறகு முன்தட்டியை எடுத்து, உள்பக்கத்தைத் தன் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, தெருவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நான் கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டேன்.

ஓட்டிப் பார்த்த நாளில் வீட்டு நடுக்கூடத்தில் மரச்சட்டங்களைப் பதித்துத் தண்டவாளம் போட்டிருந்தோம். ஆமினா அக்கா முக்காட்டை இழுத்துவிட்டு வாசல்நிலையருகே உட்கார்ந்தார். விளக்கை ஏற்றினோம். தண்ணீர் முனகத் தொடங்கியது. வால்வைத் திறந்ததும் ஒரு தும்மல், ஒரு நடுக்கம். அப்புறம் சக்கரம் உருண்டது. சமையலறை வாசலிலிருந்து முன்சுவர் வரைக்கும் அது தானாகப் போயிற்று. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

ஆமினா அக்கா எழுந்து வந்தார். தரையில் கன்னம் படக் குனிந்து, அந்தக் கண்ணாடிக்குள் உற்றுப் பார்த்தார்.

"உள்ளுக்கு ஒத்தரும் இல்லியே," என்றார்.

"ஈக்கிறாண்டு நெனச்சிட்டுத்தான் போட்டேன், புள்ள," என்றார் நானா.

அக்கா தரையிலேயே உட்கார்ந்து அழுதார். நானா அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். இஞ்சினின் தண்ணீர் வற்றும்வரை மூன்று பேரும் அங்கேயே இருந்தோம்.

நானா சிரித்ததையும் சொல்லவேண்டும். கண்டியில் ஒரு கண்காட்சி நடந்தது. கொட்டகைத் துரை கேட்டுக்கொண்டதால் இஞ்சினைக் கொண்டுபோய் வைத்தோம். செய்தவர் பெயர் என்ற இடத்தில் நானா மகன் பெயரை மட்டும் எழுதச் சொன்னார். பரிசு கிடைக்கவில்லை. ஏன் என்று விசாரித்தேன். முன்தட்டியில் ஒரு ரிவெட் வரிசை சாய்ந்திருப்பதாக நடுவர்கள் குறை கண்டார்களாம். தயங்கித் தயங்கி இதை நானாவிடம் சொன்னேன். அவர் தாடியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தார். "எத்தன பேரு பாத்தாங்க?" என்றார். "மூணு பேருங்க." "மூணு பேரும் பாத்தாங்களா! ஹனீபா அடிச்சத மூணு தொரமார் குனிஞ்சு பாத்திருக்கிறாங்க!" என்று வீடு வந்து சேரும்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மகன் இறந்த மாதத்தில் வருஷாவருஷம் நாங்கள் மூவரும் நாவலப்பிட்டிக்குப் போவோம். அவனை அடக்கிய பள்ளிவாசல் மையவாடிக்குள் பெண்கள் போவதில்லை. எனக்கும் உள்ளே போகக் கூச்சம். ஆமினா அக்காவும் நானும் மதிலுக்கு வெளியே பலாமரத்தடியில் நிற்போம். நானா மட்டும் உள்ளே போவார். ஓதிவிட்டு வெளியே வந்ததும் ஒன்றையும் விடாமல் அக்காவிடம் சொல்வார். "புல்லு வளந்து ஈந்திச்சு, பிடுங்கிட்டேன். தலமாட்டுக் கல்லு சரிஞ்சி ஈந்திச்சு, நிமித்திட்டேன். ஈரமா ஈக்குது புள்ள, குளிர்ச்சியாத்தான் ஈக்கிறான்." வாய் திறக்காத மனிதர் அந்த ஒரு இடத்தில் மட்டும் அவ்வளவு பேசுவார். அக்கா கேட்டுத் தலையாட்டுவார். பிறகு ஸ்டேஷனுக்கு நடப்போம்.

நானாவின் அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து வீட்டுக்குப் போனேன். அக்கா இத்தாவில் இருக்கிறார். கணவனை இழந்தவர்கள் அந்த மாதங்களில் வெளி ஆண்களின் முன்னால் வருவதில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் கதிரையில் நான் இருந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து குரல் மட்டும் வந்தது.

"தம்பி, இத்தா முடிஞ்சதும் என்னய நாவலப்பிட்டிக்குக் கூட்டிட்டுப் போவீங்களா?"

"போவோம் அக்கா."

"உள்ளுக்கு யாரு போறது?"

போன ஞாயிற்றுக்கிழமை தனியாக நாவலப்பிட்டிக்குப் போனேன். பள்ளிவாசலில் ஓதும் லெப்பையிடம் விஷயத்தைச் சொல்லி, வேற்று மதத்தவன் நான், உள்ளே போகலாமா என்று கேட்டேன். "தாராளமாப் போங்க. செருப்பக் கழட்டிட்டுப் போங்க" என்றார். போனேன். புல் வளர்ந்திருந்தது; பிடுங்கினேன். ஓத எனக்குத் தெரியாது. வெறுமனே நின்றேன். மண் ஈரமாக இருந்தது.

இஸ்மாயில் நானாவிடமிருந்து என் வீட்டுக்கு நான் எடுத்துவந்த பொருள் எதுவும் இல்லை. உள்ளே போய்ப் பார்த்து வந்து, வெளியே நிற்பவரிடம் ஒன்றுவிடாமல் சொல்லும் வேலையைத்தான் எனக்கென்று வைத்துக்கொண்டிருக்கிறேன். இத்தா முடிந்ததும் அக்காவைக் கூட்டிப்போவேன். பலாமரத்தடியில் நிற்கவைத்துவிட்டு உள்ளே போவேன். வெளியே வந்து என்ன சொல்லவேண்டும் என்று எனக்குத் தெரியும்.