மஞ்சள் தண்ணீர் தெளித்த கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை ரிப்பேர் பார்த்துச் சரிசெய்தது நான்தான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. இன்றைக்கும் ஊருக்குப் போனால் யாராவது ஒருத்தர் செல்போனை நீட்டி, "பாப்பா, இது ஹேங் ஆய்க்கினே இருக்குது, இன்னான்னு பாரேன்" என்பார். நானும் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, ஒருமுறை அணைத்து எழுப்பிக் கொடுத்துவிடுவேன். எடுத்த பெயரைக் காப்பாற்ற வேண்டுமே.

அந்தக் கம்ப்யூட்டர் எங்கள் வீட்டுக்குச் சித்தியோடு வந்தது. சித்தப்பாவுக்கு உளுந்தூர்பேட்டையில் பெண் எடுத்தார்கள். சித்தி கல்யாணத்துக்கு முன்னால் அங்கே பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு டைப்பிங் கடையில் நாலு வருடம் வேலை பார்த்தவர். கடைக்காரர் புதிதாக மிஷின்கள் வாங்கியபோது, சித்தி அடித்துப் பழகிய பழையதைக் கல்யாணப் பரிசாகக் கொடுத்துவிட்டார். கட்டில், பீரோ, அண்டா, குத்துவிளக்கு எல்லாவற்றோடும் அதுவும் ஒரு குட்டியானை வண்டியில் ஏறி, கல்வராயன் மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து இறங்கியது.

புது மருமகள் கொண்டுவந்த சாமான்களுக்குத் திருஷ்டி படக்கூடாது என்று அம்மா ஒரு சொம்பில் மஞ்சள் தண்ணீர் கரைத்து, மாவிலையால் தெளித்துக்கொண்டே வந்தார். அம்மா பாரபட்சம் பார்க்கிறவர் அல்ல. கட்டிலுக்கு எவ்வளவு தெளித்தாரோ பீரோவுக்கும் அவ்வளவு, பீரோவுக்கு எவ்வளவோ கம்ப்யூட்டருக்கும் அவ்வளவு. பெட்டியின் பக்கவாட்டில் காற்றுப் போக ஓட்டை ஓட்டையாக இருக்கிறதே, அங்கே கொஞ்சம் ஜாஸ்தியாகவே விழுந்தது. பிறகு திரைக்கு நடு நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, கூடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். மூணு கால் பிளக் செருகுகிற இடம் எங்கள் வீட்டில் கூடத்தில் மட்டும்தான் இருந்தது.

கூடத்தில் வைத்ததுதான் சிக்கலாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் புதிதாக வந்த மருமகள், புருஷனின் அண்ணன் முன்னால் வந்து நின்று பேசமாட்டாள். மூத்தார் என்றால் அவ்வளவு மரியாதை. என் அப்பாதான் சித்திக்கு மூத்தார். பேசக்கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை, அப்பாவும் எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை. ஆனால் அப்பா கூடத்துக்கு வந்தால் சித்தி அடுப்படிக்குப் போய்விடுவார். அப்பா கை கழுவக் கொல்லைப் பக்கம் வந்தால் சித்தி சுற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்துவிடுவார். இரண்டு மாதமாக இரண்டு பேரும் ஒரே வீட்டில் இப்படியே மாறி மாறி நடந்துகொண்டிருந்தார்கள். போதாக்குறைக்கு அந்த வருடம் கரும்பு வெட்ட ஆலையிலிருந்து உத்தரவு வரத் தாமதமானதால், அப்பா நாள் முழுக்கக் கூடத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் சித்திக்கு ஒரு வேலை வந்தது. மலைமேல் வெள்ளிமலைப் பக்கம் சாமை பயிரிடுகிறவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். உறுப்பினர்களின் பெயர், ஊர், நிலம் எல்லாம் நோட்டு நோட்டாகக் கையால் எழுதி வைத்திருந்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆள் தேடினார்கள். பழைய கடைக்காரர் சித்தியைக் கைகாட்டிவிட்டார். சங்கத்து ஆள் சனிக்கிழமை கீழே இறங்கி வருவார், மிஷினையும் டைப்பிங்கையும் பார்த்துவிட்டுப் பிடித்தால் நோட்டுகளைக் கொடுப்பார், இல்லாவிட்டால் கள்ளக்குறிச்சியில் ஏதாவது கடையில் கொடுத்துவிட்டுப் போவார் என்று ஏற்பாடு. சித்திக்கு அந்த வேலை எவ்வளவு வேண்டியிருந்தது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். அந்த வாரம் முழுக்க, பருப்பு வேகிற நேரத்தில் அம்மிமேல் விரல்களை வைத்துக்கொண்டு அடித்து அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்திக்குக் கொஞ்சம் மறை கழன்றிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மிஷினோ ஓடிக்கொண்டே இருக்கும்போது திரை முழுக்க நீலமாகி, வெள்ளை எழுத்தில் என்னவோ சொல்லிவிட்டு நின்றுவிடும். சித்தப்பாவின் கூட்டாளி ஒருவர், "ஃபார்மட் அடிச்சிட்டு புதுசா ஓஎஸ் போட்டுடு, சரியாப்பூடும்" என்று சொல்லி ஒரு சிடியையும் கொடுத்தனுப்பினார். உள்ளே இருந்ததை எல்லாம் அழித்துவிட்டு, மிஷினை நடத்துகிற சங்கதியைப் புதிதாக ஏற்றுவதற்குப் பெயர்தான் அது. புதன்கிழமை காலையில் சித்தப்பா அழித்துவிட்டார். அழிப்பது சுலபமாக முடிந்தது. ஏற்றுவதுதான் முடியவில்லை. கொஞ்ச தூரம் போய் நீலமாகி நின்றது.

அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். "சனிக்கெழமைக்குள்ள ஓடிச்சின்னா அந்தப் பொண்ணு வேலை செய்யட்டும். ஓடலன்னா காயலாங்கடைக்குப் போட்டுட்டு வேற பொழப்பப் பாருங்க. சும்மா கூடத்த அடச்சிக்கினு இருக்குது."

சித்தப்பா கருகிப்போன தண்ணீர் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். மோட்டாரை மோந்து பார்த்தே எங்கே கருகியிருக்கிறது என்று சொல்லிவிடுவார் என்று சுற்றுவட்டாரத்தில் பெயர். அந்தப் பெயரோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். முதலில் மோந்து பார்த்தார். சிடியில் வாயால் ஊதி, பனியனால் துடைத்துப் போட்டார். பக்கத்துக் கொல்லையில் மோட்டார் ஓடுவதால் வோல்டேஜ் கம்மி என்றார். போய் அதை நிறுத்திவிட்டு வந்து ஓட்டினார், அப்போதும் நின்றது. பெட்டியைக் கிழக்குப் பார்த்துத் திருப்பி வைத்தார். கிழக்கே பார்த்துக்கொண்டு நின்றது.

வியாழக்கிழமை நான் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனபோது சித்தி என்னைப் பக்கத்தில் இழுத்தார்.

"பாப்பா, அது எப்பவும் ஒரே எடத்துலதான் நிக்குதா, வேற வேற எடத்துல நிக்குதான்னு பாத்துக்கினு வந்து சொல்லு. நான் கேட்டேன்னு மட்டும் சொல்லாத."

சொல்லாதே என்றால் எனக்குக் கரும்பு தின்றது மாதிரி. ஓடிப்போய் சித்தப்பாவிடம் பெரிய மனுஷி மாதிரி கேட்டேன். அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார். சித்தப்பா யோசித்துப் பார்த்துவிட்டு, முதல் தடவை கொஞ்சம் ஏறினவுடனே, அடுத்த தடவை பாதியில், இப்போது முடிக்க முப்பத்து நாலு நிமிடம் இருக்கும்போது என்றார். நான் அதை அடுப்படிக்குக் கொண்டுபோனேன்.

"ஒரே எடத்துல நின்னாதான் சிடி மேல சந்தேகம். இது மெமரி" என்று சித்தி நறுக்கிக்கொண்டிருந்த கத்தரிக்காயிடம் சொன்னார். பிறகு எனக்குச் சொன்னார். பிளக்கை முதலில் பிடுங்க வேண்டும். பக்கவாட்டு மூடியைக் கழற்ற வேண்டும். உள்ளே சீப்பு மாதிரி ஒரு பட்டை நிற்கும், அதுதான் மெமரி, இரண்டு ஓரமும் கிளிப் இருக்கும், கிளிப்பைத் தள்ளினால் கையோடு வந்துவிடும். நான் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டே போய் ஒப்பித்தேன். பிளக்கைப் பிடுங்கச் சொல்ல மறந்துவிட்டுத் திரும்ப ஒருமுறை ஓடினேன்.

"ஏண்டா, எம்பொண்ணு இன்னாடா இதெல்லாம் பேசுது?" என்றார் அப்பா.

"இஸ்கூல்ல சொல்லிக் குடுக்கறாங்கண்ணே" என்றார் சித்தப்பா. எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்போது கம்ப்யூட்டர் என்று ஒன்று படமாகச் சுவரில் இருந்தது.

பட்டையைக் கழற்றியதும் நான் அதைப் பாவாடையில் பொத்தி அடுப்படிக்குக் கொண்டுபோய்விட்டேன். பித்தளை நிறத்தில் வரிசையாகப் பல் வைத்திருந்தது. நாலைந்து பல்லின் மேல் காய்ந்துபோன ஒரு கறை. சித்தி அதை வெளிச்சத்தில் காட்டினார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு, அடுப்பில் குழம்பு கிண்டிக்கொண்டிருந்த அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சட்டென்று கையை மூடிக்கொண்டார்.

"பாப்பா, உன் ரப்பர எடுத்துக்கினு வா."

நான் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து ரப்பரைக் கொண்டுவந்தேன். சித்தி சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டு, பென்சில் கோட்டை அழிக்கிற மாதிரி அந்தப் பற்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தார். என் வெள்ளை ரப்பர் மஞ்சளாகிவிட்டது.

"இன்னா அது?" என்று அம்மா கேட்டார்.

"தூசிக்கா" என்றார் சித்தி.

அது தூசி இல்லை, அம்மா தெளித்த மஞ்சள் என்று எனக்குக்கூடத் தெரிந்தது. சொல்ல வாயெடுத்தேன். சித்தி என் காலை லேசாக மிதித்தார். இத்தனை வருடத்தில் அவர் அம்மாவிடம் அதைச் சொன்னதே இல்லை. அம்மா இதைப் படிக்காமல் இருந்தால் சரி.

பட்டையை மாட்டி ஓட்டினால் பீப் பீப் என்று கத்தியது. நான் அடுப்படிக்குத் திரும்புவதற்குள், அங்கிருந்தே சத்தத்தைக் கேட்டுவிட்ட சித்தி, "உக்காரல, இன்னும் அழுத்தணும்" என்றார். சித்தப்பா 'டிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தினார். அதற்கப்புறம் சிடி சுற்ற ஆரம்பித்தது. அப்பா, சித்தப்பா, நான் மூன்று பேரும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். முப்பத்து நாலு நிமிடம் என்று வந்தபோது சித்தப்பா எழுந்து நின்றுவிட்டார். அது முப்பத்து மூன்று ஆனது. அடுப்படியில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றிருந்தது. நான் அங்கே பார்த்து மூன்று விரலையும் மறுபடி மூன்று விரலையும் காட்டினேன். தேய்க்கிற சத்தம் மறுபடி கேட்டது.

சாயங்காலத்துக்குள் ஓஎஸ் ஏறி, பச்சைப் புல்லும் நீல வானமுமாகத் திரை வந்துவிட்டது. அப்பா தெருவில் போகிற ஆளையெல்லாம் கூப்பிட்டு, "எம்பொண்ணுதான் சரிபண்ணுச்சு. கள்ளக்குறிச்சிக்குக்கூட எடுத்துக்கினு போவல" என்று காட்டினார். நான் பணிவாக நின்றுகொண்டிருந்தேன். எல்லாம் நானே செய்ததாக அதற்குள் எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை அப்பா கழனிக்குப் போன நேரம் பார்த்து, சித்தி தன் டிரங்குப் பெட்டியிலிருந்து இன்னொரு சிடியை எடுத்துவந்து தமிழ் எழுத்துகளை ஏற்றினார். அப்பா வந்தால் நான் இரும வேண்டும் என்று ஏற்பாடு. அப்பா வரவில்லை. நான் பழக்கத்துக்கு இரண்டு தடவை இருமிப் பார்த்தேன். இரண்டு தடவையும் சித்தி அடுப்படிக்கு ஓடினார்.

சனிக்கிழமை பத்து மணிக்குச் சங்கத்து ஆள் பையில் நோட்டுகளோடு வந்தார். அம்மா மோர் கொடுத்தார். "மிஷின் ஓடுதுங்களா? யாருங்க டைப் பண்றது?" என்று வந்தவர் கேட்டார். சித்தப்பா அடுப்படிப் பக்கம் திரும்புவதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"மிஷினுக்கு இன்னாங்க, எம்பொண்ணே ஓட்டும். பாப்பா, ஒக்காந்து அடிச்சிக் காட்டு."

நான் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஃபேன் என் பக்கம் இருந்தது, கால் தரைக்கு எட்டவில்லை. சங்கத்து ஆள் ஒரு நோட்டைப் பிரித்து முதல் பெயரைக் காட்டினார். நான் கீபோர்டைப் பார்த்தேன். அதில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. எல்லாம் ஏபிசிடி. ஒரு விரலால் ஏதோ ஒன்றை அமுக்கினேன். திரையில் 'வ' வந்தது. எனக்கு வேண்டியது 'சி'. இன்னொன்றை அமுக்கினேன். வேறு என்னவோ வந்தது. சங்கத்து ஆள் கடிகாரத்தைப் பார்த்தார்.

"புள்ளைங்க வெளையாட்டு வேலை இல்லைங்க இது" என்று சொல்லிவிட்டு நோட்டை மூடினார். "ஆயிரத்துச் சொச்சம் பேரு இருக்குது. நான் கள்ளக்குறிச்சியிலயே குடுத்துக்கறேன்." பையை எடுத்துத் தோளில் மாட்டினார். அப்பா மீசையைத் தடவினார்.

"எழுந்திரு பாப்பா. நான் அடிக்கிறேன்."

சித்தி கூடத்துக்கு வந்து என் பக்கத்தில் நின்றிருந்தார். அம்மா கையில் மோர்ச் சொம்போடு அப்படியே நின்றார். சித்தப்பா தரையைப் பார்த்தார். நான் எழுந்திருக்கவில்லை. சித்தி என் இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்கி இறக்கிவிட்டு உட்கார்ந்தார். "நோட்டைக் குடுங்க" என்று கையை நீட்டினார். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, கீபோர்டைப் பார்க்காமல் அடிக்க ஆரம்பித்தார். பெயர், தகப்பனார் பெயர், ஊர், ஏக்கர், சென்ட். பக்கத்தைத் திருப்ப மட்டும்தான் கை நின்றது. மூன்றாவது பக்கம் போகும்போது சங்கத்து ஆள் தோளிலிருந்த பையை இறக்கிக் கீழே வைத்துவிட்டார்.

அப்பா கொஞ்ச நேரம் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேய்" என்றார் சித்தப்பாவிடம். "அந்த ஃபேனக் கொஞ்சம் இப்படித் திருப்பு. வேர்க்குது பாரு அதுக்கு."

நாற்காலியும் போய், ஃபேனும் போய், நான் அழுதுகொண்டே கொல்லைக்குப் போனேன். மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டபோது போகவில்லை. அம்மா, "பசிச்சா தானா வரும்" என்று விட்டுவிட்டார். கடைசியில் சித்திதான் தட்டில் சோற்றைப் பிசைந்து எடுத்துக்கொண்டு வந்து துவைக்கிற கல்மேல் உட்கார்ந்தார்.

"கோவமா?"

"நான்தான சரிபண்ணேன்?"

"ஆமா. நீதான்."

"அப்பறம் ஏன் என்னை எழுப்பி வுட்டீங்க?"

சித்தி சிரித்தார். கூடத்தில் அப்பா இருமுகிற சத்தம் கேட்டதும் பழக்கத்தில் பாதி எழுந்தவர், மறுபடி உட்கார்ந்து சோற்றை உருட்டினார். நீதான் என்று அவர் வாயாலேயே ஒத்துக்கொண்டுவிட்டார், அதற்குமேல் கோபப்பட என்ன இருக்கிறது என்று தோன்றியது. பெரிய மனது பண்ணி வாயைத் திறந்தேன்.