இஞ்ஞாசி அண்ணன் கேட்டு வாங்கிய பிரசங்கம்

திருப்பதிப் பள்ளியில் பாடம் நடத்தி முடித்து ரயிலில் வந்துகொண்டிருந்தேன். ரேணிகுண்டா தாண்டியதும் எங்கள் கோயில் பங்கின் வாட்ஸ்அப் குழுவில், இஞ்ஞாசி அண்ணனின் மனைவி மரியம்மா அக்காவின் செய்தி வந்தது: "உங்க அண்ணன் மதியம் தூக்கத்துலயே போயிட்டாரு. எல்லாரும் வாங்க." படித்து முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது. புத்தூர் ஸ்டேஷன் வருவதற்குள் சிரிப்பும் வந்துவிட்டது. அண்ணனை அறிந்தவர்களுக்கு அதில் வியப்பிருக்காது. அவரை நினைத்துத் தொடர்ந்து அழ யாராலும் முடியாது.

நகரியில் விசைத்தறி ஓட்டியவர். வருடக்கணக்காக அந்தச் சத்தத்தில் நின்று, ஐம்பது வயதுக்குள் இரண்டு காதும் போயின. பேச்சு மட்டும் போகவில்லை. தறிக்கு மேலே கத்திப் பழகிய அதே குரலில் அவர் பேசுவார்; நாம் பதிலை அவருடைய சிலேட்டில் எழுதிக் காட்ட வேண்டும்.

ஷௌரி ஃபாதர் எங்கள் புத்தூர்ப் பங்குக்கு வந்த புதிது. தெலுங்குக்காரர், தமிழ் அரைகுறை. ஒரு ஞாயிறு நெடுநேரம் பிரசங்கம் வைத்தார். முடித்துவிட்டு அவர் பீடத்தின் பக்கம் திரும்பியபோது முன்வரிசையில் இஞ்ஞாசி அண்ணன் எழுந்து நின்றார்.

"சாமி, இம்மா நேரம் பேசிக்கினு இருந்தியே, இன்னா சொன்ன? எனக்கும் எழுதிக் குடு!"

மரியம்மா அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். ஃபாதரின் முகம் சிவந்தது. ஆனால் பூசை முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார். "டீச்சர், அவர் கேட்டது நியாயம்தான். நான் எழுதறேன். தமிழ் தப்பு இருந்தா நீங்க சரி பண்ணணும்" என்றார்.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து அவர் எழுதி அனுப்பினார், நான் திருத்தினேன். எழுத உட்கார்ந்த பிறகுதான், தான் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது ஃபாதருக்கே தெரிந்தது. பிரசங்கம் சுருங்கியது, தெளிந்தது. காது கேட்கும் எங்களுக்குத்தான் முதல் லாபம்!

பங்குப் பேரவையில் சிலர் முணுமுணுத்தார்கள். ஒருத்தருக்காக இவ்வளவு வேலையா என்று ஒருவர் கேட்க, அதை அப்படியே சிலேட்டில் எழுதி அண்ணனிடம் நீட்டினேன். படித்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தார்.

"எனக்குத்தான் காது கேக்கல. உங்களுக்குக் கேக்குதில்ல? போன மாசம் ஃபாதர் இன்னா சொன்னாருன்னு ஒருத்தர் சொல்லுங்க பாக்கலாம்."

அவர் விடவில்லை. "எனக்கு நெனப்பு இருக்குது. எழுத்து வூட்டுல இருக்குது. மறந்தா இன்னொரு தபா படிப்பேன். பிரசங்கம் மட்டும் பத்தாது, கடைசியில படிக்கிற அறிவிப்பும் போடுங்க" என்றார். போட்டோம். சில பிரதிகள் எடுத்தோம்.

தவக்காலத்தில் அவர், ஃபாதரிடம் பாவங்களை இரகசியமாகச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. முழந்தாளிட்டு, தான் கிசுகிசுப்பதாக நினைத்துக்கொண்டு ஆரம்பித்தார். முதல் பாவமே வாசல்வரை கேட்டது. வரிசையில் நின்ற நாங்கள் திகைத்துப்போனோம். மரியம்மா அக்காதான் சட்டென்று ஒரு மாதா பாட்டை எடுத்தார். நாங்கள் எல்லோரும் தொண்டை கிழியப் பாடினோம். அவர் சத்தத்தை எங்கள் சத்தம் மூடியது. அடுத்த முறை தாளில் எழுதிக்கொண்டு போனார். ஃபாதரும் எழுதியே பதில் சொன்னார். வெளியே வந்து அந்தத் தாளைப் பொடிப்பொடியாகக் கிழித்துக்கொண்டே, "டீச்சரம்மா, பேசறப்போ சாக்கு சொல்லிடலாம். எழுதறப்போ கை வரல" என்றார். அந்த முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

ஆனால் அவரை எல்லோரும் அறிந்துகொண்டது பாலசமுத்திரம் பக்கத்தில், எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு கிளைக் கிராமத்தில்தான். அங்கே சிற்றாலயத்தின் கூரை ஒழுகியது. அதைப் பழுதுபார்க்கும்வரை பூசை பள்ளிக்கூடத்தில் நடக்கும் என்று ஃபாதர் எங்கள் கோயிலில் அறிவித்தார். போனில் அது ஊர் போய்ச் சேர்ந்தபோது வேறாகிவிட்டது. நாற்காலிகளைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்க உதவியாக அண்ணனையும் கூட்டிக்கொண்டு நாங்கள் மாலையில் போனோம். சிற்றாலயத்துக்குப் பூட்டு. வாசலில் ஊரே நின்றது.

"எங்க நைனாங்க கல்லு சொமந்து கட்டின கோயிலு. மூடிட்டுப் பீடத்தைப் புத்தூருக்குத் தூக்கிக்கினு போவப் பாக்கறீங்களா?" என்று சரோஜா என்ற பெண் ஃபாதரின் வழியை மறித்தாள். இனி உங்கள் பங்கே வேண்டாம் என்று ஒரு குரல் எழுந்தது. ஃபாதர் பதற்றத்தில் தெலுங்கில் பேச, கூச்சல் இன்னும் ஏறியது. யாரோ அவர் தோளைத் தள்ளினார்கள்.

அண்ணனுக்கு அசையும் வாய்கள் மட்டுமே தெரிந்தன. "இன்னா சண்டை?" என்று கேட்டார். எழுதிக் காட்டினேன்.

"கோயில மூடறாங்களா? யார் சொன்னது? தாள்ல அப்படி இல்லியே!"

சட்டைப் பையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைத் தாளை உருவினார். ஒரு கல்லின் மேல் ஏறி நின்று, அறிவிப்பை எழுத்து எழுத்தாகப் படித்தார். அந்தக் குரலுக்கு முன்னால் எந்தக் கூச்சல் நிற்கும்? கூட்டம் அடங்கியது. சரோஜா தாளை வாங்கித் தானே படித்தாள். பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தாள். தாள் கை மாறி மாறிப் போனது.

"ரிப்பேருதானா? அப்போ போன்ல ஏன் அப்படிச் சொன்னாங்க?" என்றாள். அதையும் சிலேட்டில் எழுதினேன்.

அண்ணன் வெடித்துச் சிரித்தார். "அது எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத்தான் காது கேக்காதே. அதான் வதந்தியும் கேக்கல!"

ஊரே சிரித்தது. சரோஜா இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தாள். நாற்காலிகளைத் தூக்க நாங்கள் தேவைப்படவில்லை, ஊரே தூக்கியது. அந்த வாரம் முதல் எல்லாக் கிளைக் கிராமங்களுக்கும் தாள் போகிறது, தமிழில் ஒரு பக்கம், தெலுங்கில் ஒரு பக்கம். படுக்கையில் கிடப்பவர்களுக்கும், துபாயில் வேலை செய்பவர்களுக்கும் அதன் படம் போகிறது.

நேற்று அவரை அடக்கம் செய்தோம். நான் அவரிடமிருந்து வைத்துக்கொண்டிருப்பது என்ன என்று கேட்டால், ஒரு பரபரப்பு என்பேன். நாம் எழுதும் ஒவ்வொரு வரிக்காகவும் எங்கோ ஒருவர் கண்ணாடியைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார் என்ற பரபரப்பு. அதைப் பழக்கிவிட்டுப் போனவர் அவர். நாளை சனிக்கிழமை. காலையிலேயே ஃபாதரின் எழுத்து வந்துவிடும்; எனக்கு இப்போதே கை துறுதுறுக்கிறது.