குரல் பதிவுக்குள் இன்னொரு குரல்

கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களை மூடி வைத்திருந்த அந்த மாதங்களில் நான் மலேசியாவில் ஜெராம் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். முதல் வாரம் வீடியோ வகுப்பு வைத்துப் பார்த்தேன். இருபத்திரண்டு பிள்ளைகளில் ஆறு பேர் வந்தார்கள். அதிலும் இரண்டு பேருக்கு என் முகம் பாதியில் அசையாமல் நின்றுவிட்டதாம். மற்றவர்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு கைப்பேசி. அது காலையிலேயே அப்பாவோடு லோரியில் ஏறிப் போய்விடும்.

அதனால் வீடியோவை விட்டேன். தினமும் ஒரு கதையிலிருந்து நாலு வரி நான் வாசித்துக் குரல் பதிவாக வகுப்பின் வாட்சாப் குழுவில் போடுவேன். கைப்பேசி வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகள் அதைக் கேட்டு, தாங்களும் வாசித்து எனக்கு அனுப்ப வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒவ்வொன்றாக வந்து விழும். செரண்டாவில் என் வீட்டுச் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்பேன். கோழி கத்தும், மோட்டார் சைக்கிள் உறுமும், பக்கத்தில் ஒரு குழந்தை அழும். அதற்கு நடுவில் பிள்ளைகளின் ஆங்கிலம்.

ஒரு பெண்பிள்ளை மட்டும் ஒருநாள்கூடத் தவறாமல் அனுப்பினாள். வகுப்பில் வாயே திறக்க மாட்டாள்; கேள்வி கேட்டால் மேசையைப் பார்ப்பாள். கைப்பேசியில் கணீரென்று வாசித்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. இரண்டாவது வாரம்தான் கவனித்தேன், அவள் குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல். ஒரு பெண் கிசுகிசுவென்று பேசுகிற மாதிரி. ஒவ்வொரு வரியிலும் இருந்தது.

யாரோ சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். அன்றைக்குக் காலையிலிருந்தே ஏதேதோ அறிக்கைகள் எழுதி அலுத்துப் போயிருந்தேன். அதைச் சாக்காகச் சொல்ல முடியாது. குழுவில், எல்லாப் பெற்றோரும் கேட்க, அவள் பேரைச் சொல்லியே பேசிப் பதிவு போட்டேன்: "பின்னாடி இருந்து ஒருத்தவங்க சொல்லி, அத நீ திருப்பிச் சொன்னா அது வாசிப்பு இல்லம்மா. நாளையில இருந்து தனியா வாசிச்சு அனுப்பு."

மறுநாள் அவள் பதிவு வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நாலாம் நாள் நானே அழைத்தேன். அவள் அப்பா எடுத்தார்.

"பாப்பா வாசிக்க மாட்டேங்குது டீச்சர். போன நீட்டுனா ரூமுக்குள்ள ஓடிடுது." அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. "இருங்க, அவங்க அம்மாகிட்ட குடுக்குறேன்."

கைப்பேசி அம்மாவின் கைக்குப் போனது.

"தப்பு எம்மேலதான் டீச்சர். அவள ஏசாதீங்க."

"நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களா?"

"சொல்லிக் குடுக்கத் தெரிஞ்சா நல்லாத்தான இருந்திருக்கும்! அவ வாசிக்கிறத நான் பின்னாடியே சொல்லிப் பாத்தேன், அப்படியே கத்துக்கலாம்னு. மெதுவாத்தான் சொன்னேன். போனுக்குக் கேக்கும்னு தெரியல."

அழைப்பு முடிந்ததும் பழைய பதிவுகளை எல்லாம் திரும்பக் கேட்டேன். அந்தக் கிசுகிசு ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கணம் பிந்தித்தான் வந்தது. ஒரு பதிவில் பிள்ளை 'ஐலண்ட்' என்பதை 'இஸ்லண்ட்' என்று வாசித்திருந்தாள். பின்னாலேயே அம்மாவும் 'இஸ்லண்ட்'. நான் திருத்தி அனுப்பிய மறுநாள் இரண்டு பேரும் 'ஐலண்ட்' என்றார்கள். என் வகுப்பில் இருபத்துமூன்றாவதாக ஒரு மாணவி இத்தனை நாளும் உட்கார்ந்திருந்திருக்கிறார். நான் அவரை எழுந்து வெளியே போகச் சொல்லியிருக்கிறேன்.

எல்லார் முன்னாலும் திட்டியதற்கு எல்லார் முன்னாலும்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். "நான் தப்பா நெனச்சிட்டேன். அவளுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. அவளா வாசிச்சதுதான்" என்று குழுவில் பதிவு போட்டேன். அம்மாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குக் கூச்சமாக இருக்கும். அன்று இருட்டுமுன்பே பிள்ளையின் பதிவு வந்துவிட்டது. மறுநாள் அவள் அம்மாவிடமிருந்து எனக்கு மட்டும் ஒரு செய்தி: "நானும் தனியா வாசிச்சு அனுப்பலாமா டீச்சர்?"

அப்படித்தான் எங்கள் பாடம் ஆரம்பித்தது. அவர் தோட்டத் தொழிலாளர்களின் லய வீட்டில் பிறந்தவர். ஆறாம் வகுப்போடு நின்றவர். காலையில் ஜெராம் படகுத்துறையில் மீன் பிரிக்கும் வேலை. எதற்காக ஆங்கிலம் என்று கேட்டேன்.

"கிளினிக், பேங்கு எல்லாத்துக்கும் மலாய் போதும் டீச்சர். ரவாங்குல எங்கண்ணன் பிள்ளைங்க இருக்காங்க. வந்தா அவங்களுக்குள்ள இங்கிலீஷ்லயே பேசிச் சிரிப்பாங்க. நானும் கூடச் சேந்து சிரிச்சு வைப்பேன். என்னத்துக்குச் சிரிக்கிறேன்னு எனக்கே தெரியாது. எம்மவளும் அப்படித்தான பேசப் போறா?"

உச்சரிப்புக்கு மதிப்பெண் போடும் செயலி ஒன்றை அவர் வீட்டுக் கைப்பேசியில் ஏற்றிக்கொள்ளச் சொன்னேன். எதைச் சொன்னாலும் சிவப்பில் தவறு என்று காட்டியதாம். இரண்டே நாளில் அழித்துவிட்டார். "அது திட்டிக்கிட்டே இருக்கு டீச்சர். நீங்க திட்டுனாலும் மன்னிப்பாச்சும் கேட்டீங்க" என்றார். எனக்குச் சிரிப்பு அடங்க வெகு நேரமானது.

கதை வரிகளை நிறுத்திவிட்டு வீட்டுப் பேச்சுக்கு வந்தோம். சாப்பாடு, வெயில், தலைவலி, யார் எப்போது வருவது. ஒரு வாக்கியம் நான் அனுப்ப, அதை அவர் பத்துத் தடவை சொல்லி, தனக்குப் பிடித்த ஒன்றை மட்டும் எனக்கு அனுப்புவார். பள்ளிக்கூடம் திறந்து பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பின பிறகும் அவர் நிறுத்தவில்லை.

அடுத்த ஆண்டு தீபாவளி முடிந்த மறுநாள் காலை ஒரு நீளமான பதிவு வந்தது. முதலில் வெறும் சிரிப்பு. அண்ணன் குடும்பம் வந்திருக்கிறது. மூத்த பெண் தன் தங்கையிடம் ஆங்கிலத்தில், வீடு ஒரே புழுக்கம், எப்போது கிளம்புவது என்று கேட்டிருக்கிறாள். இவர் சட்டியிலிருந்து கறியை அள்ளிக்கொண்டே, "ஈட் ஃபர்ஸ்ட் லா. தென் கோ ஹோம்" என்றிருக்கிறார்.

"எல்லாம் திரும்பி என்னையே பாக்குதுங்க டீச்சர்! அப்புறம் அந்தப் பொண்ணு ஓடி வந்து என்னக் கட்டிக்கிட்டு, சாரி அத்தை சாரி அத்தைங்குது. எனக்குக் கோவமே வரல. எம் வீட்டுல பேசுறது எனக்குப் புரிஞ்சிடுச்சே."

அதற்குப் பிறகு நான் செரண்டாவிலேயே ஒரு பள்ளிக்கு மாறி வந்துவிட்டேன். இப்போது பிள்ளைகள் என் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனாலும் குரல் பதிவை நான் விடவில்லை. என் முகத்தைப் பார்த்தால் பேச வராத பிள்ளைகள் கைப்பேசியிடம் பேசுகிறார்கள்.

அவர் இன்னும் அனுப்புகிறார். போன வாரம் ஒரு சந்தேகம் கேட்டிருந்தார். 'ஹியர்', 'லிசன்', ரெண்டுமே தமிழ்ல கேக்குறதுதான டீச்சர், அப்புறம் ஏன் ரெண்டு வார்த்தை என்று. மூன்று பதிவு போட்டு விளக்கினேன். "கொஞ்சம் புரியுது. மீன் வேலை முடிச்சிட்டு வந்து மறுபடி போட்டுப் பாக்குறேன்" என்று பதில் வந்தது.